பள்ளி நேரத்தில் பிரசாரக் கூட்டம்: டெல்டாப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருவாரூர் தெற்கு வீதி, தஞ்சை திலகர் திடல், நாகை அவுரித் திடல், மன்னார்குடி பந்தலடி. இங்கெல்லாம் கட்சிக் கொடி ஏறுகிற மாதமும் பொதுத்தேர்வு மாதமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. 2024-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் 8-ல் முடிந்தது. மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்டவற்றையும், கேட்க வந்து பாதியில் விழுங்கியவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகளைக் கட்சிக் கூட்டத்துக்கு அழைத்துப் போகலாமா?

கூடாது. ஆசிரியர் அழைத்துப் போனாலும் கூடாது, பள்ளி கண்டும் காணாமலும் இருக்க வேறு யாரோ குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிப் போனாலும் கூடாது. எந்தக் கட்சி என்பதை வைத்து இந்தப் பதில் மாறாது. அப்பா அம்மா தன் பிள்ளையைத் தானே கூட்டிப் போவது வேறு சங்கதி. அதைத் தனியாகப் பார்ப்போம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா, அல்லது உங்கள் கருத்தா?

இரண்டும். தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி எல்லாக் கட்சிகளுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. பிரசாரம் தொடர்பான எந்த வேலைக்கும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஊர்வலத்தில் நடக்கவிடுவது, கோஷம் போடச் சொல்வது, நோட்டீஸ் கொடுக்கவிடுவது, சுவரொட்டி ஒட்டவிடுவது எல்லாம் அதில் அடக்கம். வேட்பாளர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்பதும், பிரசார வண்டியில் ஏற்றிக்கொள்வதும்கூட அடக்கம். கட்சியின் பெருமையைப் பிள்ளை வாயால் பாட்டாகவோ கவிதையாகவோ சொல்ல வைப்பதும் கூடாது. மேடையில் ஏழு வயதுக் குழந்தை மூச்சு விடாமல் தலைவர் புகழ் பாட, கீழே பெரியவர்கள் விசில் அடிப்பார்களே, அதைத்தான் சொல்கிறது.

குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தையும், 2014-ல் மும்பை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையும் ஆணையம் இதற்கு ஆதாரமாகக் காட்டியது. மாவட்டத் தேர்தல் அதிகாரியும் தேர்தல் நடத்தும் அலுவலரும் இதற்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. நம் மாவட்டத்தில் தேர்தல் அதிகாரி என்பவர் ஆட்சியர்தான். ஆகவே “எங்கே போய்ச் சொல்வது” என்று அலைய வேண்டியதில்லை.

ஒரு விலக்கும் உண்டு. பெற்றோரோ காப்பாளரோ கூட இருக்க, தலைவருக்கு அருகில் ஒரு குழந்தை சும்மா நிற்பது மட்டும் மீறல் ஆகாது. அதாவது பிரசார வேலை எதிலும் அந்தக் குழந்தை ஈடுபடாமல் இருக்க வேண்டும்.

இதற்காக எங்காவது வழக்குப் போட்டிருக்கிறார்களா?

உத்தரவு வந்து சரியாக ஆறாவது வாரத்தில், 2024 மார்ச் 18-ல் கோவையில் பிரதமரின் ரோடு ஷோ நடந்தது. வழியில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் நின்றது படமாக வந்தது. பள்ளி மீது வழக்குப் பதிவாகி விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அழைத்தவர் யார், அனுப்பச் சொன்னவர் யார் என்ற பேச்சுக்கு நடுவில் வழக்கைச் சுமந்தது பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அதுதான்: வண்டி அனுப்பியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கும்.

கலைஞர் பதினாலு வயசிலேயே கொடி பிடித்தவர்தானே? அதே திருவாரூரில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு அரசியல் கூடாது என்கிறீர்களே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. வர வேண்டியதும்தான். திருக்குவளையில் 1924-ல் பிறந்த பையன் 1938-ல் இந்தி எதிர்ப்புக்காகத் திருவாரூரில் மாணவர்களைத் திரட்டி ஊர்வலம் போனார். பிறகு ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்து ஏடு நடத்தினார். டெல்டாவின் அரசியலைப் பள்ளிப் பையன்கள் இல்லாமல் எழுத முடியாது.

ஆனால் அந்த ஊர்வலத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தப் பையன்களை யாரும் தலைக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவரவில்லை. அவர்களே யோசித்தார்கள், அவர்களே கொடி தயாரித்தார்கள், திட்டு வாங்கினாலும் அவர்களே வாங்கினார்கள். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவை வரிசையாக நிறுத்தி, “எல்லாரும் ஏறுங்கப்பா, நாலு மணிக்குத் திரும்பிடலாம்” என்று ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? முன்னதில் பிள்ளை அரசியல் செய்கிறது. பின்னதில் பிள்ளையை வைத்து வேறு ஒருவர் கூட்டம் காட்டுகிறார். அந்த மாணவனுக்குப் பேச்சாளர் யார் என்றுகூடத் தெரியாது; டிரோன் படத்தில் ஒரு தலை கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்வேன். அதே கருணாநிதி திருவாரூர் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காதபோது, சேர்த்துக்கொள்ளாவிட்டால் கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லி இடம் வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வகுப்புக்குள் நுழையக் குளத்தைக் காட்டி மிரட்டிய பையனை, வகுப்பை விட்டு வெளியே இழுப்பதற்கு உதாரணமாகச் சொல்லாதீர்கள்.

கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களுக்கெல்லாம் பிள்ளைகள் வந்தார்களே? அதுவும் தப்பா?

2017-ல் இந்த இரண்டு ஊர்களிலும் நடந்தது ஓட்டுக் கேட்கும் கூட்டம் அல்ல. தன் வயலுக்கு அடியில் என்ன தோண்டப்போகிறார்கள் என்று ஒரு ஊரே தெருவில் உட்கார்ந்த விஷயம். வீட்டில் அடுப்பெரியாமல் எல்லாரும் பந்தலில் இருக்கும்போது பிள்ளை மட்டும் எங்கே இருக்கும்? அந்தப் பிள்ளைகளுக்கு எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். குடிக்கிற தண்ணீர் அவர்களுடையது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும், 1992-ல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது, அமைதியாகக் கூடும் உரிமை குழந்தைக்கும் உண்டு என்கிறது.

ஆனாலும் பள்ளி நேரம் என்று வரும்போது என் மனம் இரண்டாகத்தான் நிற்கிறது. ஒரு நாள் ஊரோடு உட்கார்ந்தால் நான் ஆப்சென்ட் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். வாரக்கணக்கில் போனால் பந்தலுக்கே போய், “புள்ளைகளைக் காலையில் அனுப்பிடுங்க, சாயங்காலம் வந்து உட்காரட்டும்” என்று பேசுவேன்.

அரசு விழா கட்சிக் கூட்டம் இல்லையே? அதற்கு அழைத்துப் போகலாம்தானே?

இங்கேதான் குளறுபடியே. 2017-ல் மாவட்டம் மாவட்டமாக எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழா நடந்தபோது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருவது வழக்காகி, சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விழா அரசு செலவில்தான் நடந்தது. நாற்காலி நிரம்பப் பிள்ளைகள் வேண்டியிருந்தது என்பதுதான் பிரச்சினை.

இதற்கு நேர் எதிராக ஒன்றையும் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது திருக்குவளைப் பள்ளியில்தான். முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதிலும் அரசியல் இருக்கிறது, இல்லை என்பவர் யாரும் இல்லை. ஆனால் சாப்பாடு பிள்ளைக்கு, இடம் பிள்ளையின் பள்ளி. தலைவர் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வந்தார்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. பிள்ளை இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சிக்கே அர்த்தம் இருக்காது என்றால் அது பிள்ளையின் நிகழ்ச்சி. பிள்ளை இல்லாவிட்டால் நாற்காலிதான் காலியாகத் தெரியும் என்றால், அனுப்பாதீர்கள்.

வாக்காளர் விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு மட்டும் பள்ளி நேரத்திலேயே அனுப்புகிறார்களே?

நல்ல குத்து. கட்சிக்காரர் பிள்ளையைத் தொடக் கூடாது என்கிற அதே நிர்வாகம், “என் வாக்கு விற்பனைக்கு அல்ல” என்று அட்டையைக் கையில் கொடுத்து மார்ச் வெயிலில் பிள்ளைகளை நடக்க விடுகிறது. இதில் கட்சி இல்லை என்பதால் சட்டப்படி சிக்கல் இல்லை. என்னைக் கேட்டால், ஓட்டே இல்லாத பிள்ளை தெருவில் நடந்து, பணம் வாங்கப் போகிற பெரியவருக்குப் புத்தி சொல்வதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் காலை எட்டரைக்கு, பள்ளி இருக்கும் தெருவோடு முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள்.

ஒரு நாள் போனால் படிப்பு என்ன கெட்டுவிடும்?

ஒரு நாள் என்றால் கெடாது. ஆனால் டெல்டாப் பள்ளிக்கு ஏற்கெனவே எத்தனை நாள் போகிறது என்று எண்ணுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை லீவு. புயல் வந்தால் பள்ளிக்கூடமே நிவாரண முகாம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் பள்ளிகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும். தேர்தல் வந்தால் வகுப்பறை வாக்குச்சாவடி ஆகிறது, ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறார், வாக்குப்பதிவு முடிந்து மேசை பெஞ்சு பழைய இடத்துக்கு வருவதற்குள் இன்னொரு நாள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது. நம் பக்கம் அதை எட்டுவதற்கே சனிக்கிழமை வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. தேர்தல் ஏற்கெனவே பள்ளியிடம் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் பிள்ளையையும் கேட்டால் எப்படி?

மதியச் சாப்பாட்டையும் மறக்காதீர்கள். பள்ளியில் முட்டையோடு சாப்பிட வேண்டிய பிள்ளை அங்கே பொட்டலம் வரும் வரும் என்று மூன்று மணி வரை நிற்கும்.

பாதுகாப்பு பற்றிப் பெரிதாகச் சொல்கிறீர்களே, கூட்டம் என்றால் போலீஸ் இருக்காதா?

போலீஸ் இருக்கும். 2025 செப்டம்பர் 27-ல் கரூர் வேலுச்சாமிபுரத்திலும் இருந்தது. நண்பகலிலிருந்து காத்திருந்த கூட்டம், த.வெ.க. தலைவர் விஜய் வந்தது இரவில். நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. தவறு யாருடையது என்பதைச் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் நான் போகவில்லை. அன்று சனிக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை அதே பயணம் நாகையிலும் திருவாரூரிலும் நடந்தது. நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். பள்ளி நேரம் இல்லை என்பதால் மட்டும் ஒரு கூட்டம் பிள்ளைக்கு ஏற்ற இடம் ஆகிவிடாது என்று இதைப் பார்த்தபின் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் நெஞ்சு உயரத்தில் மூச்சு விடுகிறது பத்து வயதுப் பிள்ளை. முன்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, பின்னால் வரவும் வழி கிடைக்காது.

பள்ளி நேரம் என்றால் கூடுதலாக ஒன்று சேர்கிறது. மணி அடித்ததிலிருந்து மறுபடி மணி அடிக்கும் வரை பிள்ளை எங்கே என்று பள்ளி பதில் சொல்லியாக வேண்டும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த பகுதி இது. இங்கே எந்தத் தலைமை ஆசிரியருக்கும் இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் தலைமை ஆசிரியர். உள்ளூர் ஒன்றியச் செயலாளர் போன் செய்து “ஐம்பது பசங்களை அனுப்புங்க சார்” என்றால் என்ன செய்வது? ஊரில் இருக்க வேண்டுமே?

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுச்சுவர், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று அவரிடம்தான் நாளைக்குப் போய் நிற்க வேண்டும். அதனால் சண்டை போடச் சொல்ல மாட்டேன். “அனுப்பலாம் சார், ஒரு லெட்டர் மட்டும் கொடுத்துடுங்க, கட்சி லெட்டர்பேடில், எத்தனை பிள்ளைகள், எந்த வண்டி, யார் பொறுப்பு என்று எழுதி. நான் வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி அனுமதி வாங்கிடறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்க யாரும் வர மாட்டார். துணிந்து எழுதியே கொடுத்துவிட்டால், அதை அப்படியே மேலே அனுப்புங்கள். பதில் அங்கிருந்து வரும்.

இன்னும் நல்லது, தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு வைப்பது. குழுத் தலைவர் பெற்றோர்தான், பெரும்பாலும் ஒரு அம்மா. “பெற்றோர் குழு முடிவு சார், என் கையில் இல்லை” என்று சொல்ல உங்களுக்கு ஒரு வாசல் கிடைக்கும். சங்கடத்தை ஒரு ஆள் சுமக்காமல் குழுவே பங்கிட்டுக்கொள்ளலாம்.

நீங்களே கட்சி அனுதாபியாக இருந்தால்? வீட்டில் இருங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்கே அரசியல் கூட்டத்தில் இடம் கொடுக்கவில்லை, பிள்ளைகளோடு வேறா!

தனியார் பள்ளி பஸ்ஸைக் கட்சிக்காரர் கேட்டால்?

கல்வி நிறுவனப் பேருந்தின் பர்மிட் மாணவரையும் ஊழியரையும் ஏற்றத்தான். கொடுக்காதீர்கள்.

எங்கள் பள்ளி மைதானத்தில் கூட்டம் போடக் கேட்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இதற்கு முழுத் தடை இல்லை. வகுப்புகள் எந்த வகையிலும் பாதிக்கக் கூடாது, நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது, அதிகாரியிடம் முன் அனுமதி வேண்டும், ஒரே கட்சிக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்பவை ஆணையத்தின் நிபந்தனைகள். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் ஒலிபெருக்கிக்காரருக்கு நினைவுபடுத்துங்கள். அவருக்கு நன்றாகவே தெரியும்.

நான் கூலி வேலைக்குப் போகிறவள். கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் காசு கிடைக்கிறது. பிள்ளையையும் கூட்டிப் போனால்தான் என்ன?

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது அம்மா. சம்பா அறுப்பை மிஷின் பார்த்துக்கொள்கிறது. தை, மாசி முடிந்தால் ஜூனில் மேட்டூர் திறக்கும் வரை வயலில் வேலை குறைவு. அந்த நேரத்தில் வருகிற காசை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போங்கள். சாப்பாடு உண்டு, நிழல் உண்டு, நாலு மணி வரை கவலை இல்லை. கூட்டம் இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்தால், பிள்ளையை யார் வீட்டில் விட வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வையுங்கள். சிலர் “பிள்ளையையும் கூட்டி வா, அதுக்கும் சேர்த்துத் தரேன்” என்பார்கள். பிள்ளைக்குக் காசு என்று வந்த நிமிடமே அது வேலைக்கு ஆள் வைப்பதாகிவிடுகிறது. அதற்குத்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது.

என் பையன் பிளஸ் டூ. அவனே வகுப்பை கட் அடித்துவிட்டுப் போகிறான். என்ன செய்வது?

அடிக்காதீர்கள். யார் பேச்சைக் கேட்கப் போனான், என்ன பிடித்தது என்று கேளுங்கள். அடுத்த வருடம் ஓட்டுப் போடப் போகிற பையன், அவனுக்கு ஆர்வம் வருவது இயல்பு. மாலைக் கூட்டத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள், ஓரமாக நின்று கேளுங்கள். பள்ளி டி.சி. கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினால் மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். கூட்டத்துக்குப் போனதற்கு டி.சி. என்பது அதிகம். சீருடையில் மட்டும் போகவிடாதீர்கள். சீருடையோடு நின்றால் படத்தில் தெரிவது பையன் அல்ல, பள்ளி.

மீறல் நடப்பதைக் கண்ணால் பார்த்தால் எங்கே சொல்வது?

தேர்தல் அறிவித்தபின் என்றால் சி-விஜில் செயலியில் படமோ சின்ன வீடியோவோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. 1950 என்ற எண்ணுக்கும் பேசலாம். எந்தக் காலத்திலும் குழந்தை உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். புகாருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். எதிர்க்கட்சி ஐ.டி. விங் கையில் அந்தப் பிள்ளையின் முகம் கிடைத்தால், பிள்ளையை இரண்டாவது முறையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதாகிவிடும்.

இப்படி எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் பிள்ளைக்கு அரசியல் எப்படித் தெரியும்?

வகுப்பிலேயே நிறைய செய்யலாம். குடவோலை முறையைப் பாடத்தில் சோழர் பெருமையாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் போட்டியிடுகிறவருக்கு வயது 35-லிருந்து 70-க்குள், சொந்த நிலம் வேண்டும், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்று நிபந்தனைகள் வரிசையாக இருக்கின்றன. “நிலம் இல்லாதவர் ஏன் நிற்கக் கூடாது?” என்று, நிலமில்லாக் கூலிக் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணிக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு பீரியட் போதாது. எல்லாக் கட்சித் தேர்தல் அறிக்கையிலும் காவிரி பற்றிய பக்கத்தை மட்டும் வெட்டி, கட்சிப் பெயரை மறைத்து ஒட்டி, எது யாருடையது என்று கேட்கலாம். பிள்ளைகள் திணறுவார்கள். நாமும்தான்.

வெளியே அழைத்துப் போக ஆசையென்றால் கிராம சபைக்கு அழைத்துப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. சபை கூடும் நாட்களில் இந்த நான்கும் பள்ளி நடக்காதவை. ஓட்டுரிமை உள்ளவர்தான் அங்கே உறுப்பினர், ஆனால் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க யாரும் தடை சொல்வதில்லை. தன் தெரு வாய்க்காலில் குப்பை அள்ளாததற்கு ஊராட்சி நிர்வாகம் என்ன பதில் சொல்கிறது என்று நேரில் பார்க்கும். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததை உங்கள் மகளையே ஒரு மனுவாக எழுதச் சொல்லி, நீங்கள் எழுந்து வாசியுங்கள். தீர்மான நோட்டில் ஏறியதா, எண் என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்; அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.